காற்றுக்கு வழியும் வாடகைக்கு அறையும்

சிங்கப்பூர்க் கடைவீடுகளின் வரலாறு உணர்த்தும் உண்மை

வீட்டுச் சுவரில் காற்றும் ஒளியும் புகுவதற்கென அமைக்கும் திறப்பிற்குத் தமிழில் பெயர்கள் பல. இன்று பேச்சில் வழங்கும் சன்னல் என்னும் சொல் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது. சாளரம், பலகணி என்பன நூல்வழக்கில் பயில்வன. இவற்றினும் பொருள் விளக்கம் மிக்க சொல் ஒன்று சிலப்பதிகாரத்தில் காணப்படுகிறது. அது காலதர் என்பதாகும். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழியே காலதர். ஆங்கிலத்தில் வழங்கும் 'விண்டோ' என்னும் சொல்லும், காற்றின் கண் என்று பொருள்படும் பழைய நோர்ஸ் மொழிச் சொல்லிலிருந்து பிறந்ததே. சுவரைத் திறந்தவர்கள் காற்றை மனத்திற் கொண்டே திறந்தனர் என்பதற்கு இவ்விரு சொற்களும் சான்று பகர்கின்றன.

இத்துணைப் பழமையான இவ்வறிவு, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில், சிங்கப்பூர் நகரின் நடுவே வாழ்ந்த பல்லாயிரம் மக்களுக்குப் பயன்படவில்லை. அவர்கள் உண்டு உறங்கிய அறைகளுக்குக் காலதரே இல்லை. ஏன் இல்லை? காற்றின்மையால் வரும் கேடு அறியப்படாதிருந்ததா? அன்று. கேடு அறியப்பட்டிருந்தது, தீர்வும் அறியப்பட்டிருந்தது. ஆயினும் காற்று புக வேண்டுமாயின் அதற்கு இடம் ஒதுக்க வேண்டும். நகர நடுவில் இடத்திற்கு வாடகை உண்டு. இவ்விரண்டிற்கும் இடையே நடந்த நெடிய இழுபறியே கடைவீடுகளின் வரலாறு ஆகும்.

கடைவீட்டின் அமைப்பு

1822ஆம் ஆண்டு நவம்பரில் ராபிள்ஸ் நகர அமைப்புக் குழுவிற்கு விடுத்த கட்டளைகளில், செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டப்படும் வீடுகளின் முன்புறம் நடப்போர்க்கெனக் கூரையிட்ட திறந்த வழி தொடர்ச்சியாக அமைய வேண்டும் என்பதும் ஒன்று. பிற்காலத்தில் 'அஞ்சடி' என்று தமிழர் நாவில் வழங்கலான ஐந்தடிப் பாதை இவ்வாறு தோன்றியதே. தெருவைப் பார்த்த முகப்பிற்கு இத்தகைய ஒழுங்கு கிடைத்தது. வீட்டின் பின்புறத்தைப் பற்றியோ அக்காலத்தில் எவரும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

கடைவீட்டின் முகப்பு பெரும்பாலும் 16 முதல் 20 அடி அகலமே உடையது. குறுக்கே தாங்கும் மரவிட்டத்தின் நீளமே அகலத்திற்கு எல்லையாயிற்று. ஆழமோ அதைப்போலப் பல மடங்கு. இருபுறமும் பக்கத்து வீட்டின் சுவர். பின்புறத்திலும் பல இடங்களில் அடுத்த தெரு வீட்டின் முதுகு. ஆகவே நடுவில் வானத்தை நோக்கித் திறந்த முற்றம் ஒன்றே உள்ளறைகளுக்கு உயிர்நாடியாக இருந்தது. சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலெழ, தெருப்பக்கமிருந்து புதிய காற்று உள்ளே வரும். ஒரு குடும்பம் வாழும் வரையில் இவ்வமைப்பு இந்நாட்டு வெப்பத்திற்கு ஏற்றதாகவே இருந்தது.

துறைமுகம் வளர்ந்தது, கூலி வேலை நாடி வந்தோர் தொகை பெருகியது. ஒரே தளம் பலகைத் தடுப்புகளால் பல அறைகளாகப் பிரிக்கப்பட்டு, அறைக்கு ஒரு குடும்பமாக வாடகைக்கு விடப்பட்டது. தெருவை ஒட்டிய அறைக்கு மட்டுமே வெளிச்சம். நடுவில் அமைந்த அறைகள் பகலிலும் விளக்கு வேண்டுவன. சில வீடுகளில் முற்றமும் மூடப்பட்டு மேலும் ஓர் அறையாயிற்று. முற்றத்தால் வாடகை வருவதில்லை, அறையால் வரும். சிராங்கூன் சாலையை ஒட்டிய கடைவீடுகளும் சீனர் வாழ்ந்த வட்டாரத்துக் கடைவீடுகளும் இவ்வகையில் ஒரே அமைப்பினவே.

ஆயிரத்தில் ஒரு பங்கு

அடைபட்ட அறையின் காற்று எப்போது கெடுகிறது என்பதற்கு ஓர் அளவைக் கூறியவர் ஜெர்மனியில் மியூனிக் நகரில் வாழ்ந்த பெட்டன்கோபர் ஆவார். மாந்தர் விடும் மூச்சில் கரியமில வாயு கலந்துள்ளது. அறையில் அது மிகுந்தால், புதிய காற்று போதிய அளவு வரவில்லை என்பது பொருள். ஆயிரத்தில் ஒரு பங்கு என்னும் அளவை அது தாண்டலாகாது என்று அவர் 1858இல் எழுதினார். அந்த அளவில் அவ்வாயு தானே நஞ்சாகிறது என்பது அவர் கருத்தன்று. பிறர் விட்ட மூச்சை எவ்வளவு திரும்ப இழுக்கிறோம் என்பதைக் காட்டும் அளவுகோலாகவே அதைக் கொண்டார். 1882ஆம் ஆண்டில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து உலகிற்கு அறிவித்தார். நெருக்கமும் மூச்சும் நோயும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது.

சிம்சன் அறிக்கை

சயரோகம் என்றும் வழங்கும் காசநோய் சிங்கப்பூரில் பேரழிவு விளைத்துக்கொண்டிருந்த நிலையில், 1906இல் பேராசிரியர் சிம்சன் என்னும் சுகாதார வல்லுநர் வரவழைக்கப்பட்டார். அவர் முன்னர்க் கல்கத்தா நகரின் சுகாதார அதிகாரியாகப் பணியாற்றியவர். குடியிருப்போரின் பழக்கவழக்கமே நோய்க்குக் காரணம் என்று ஆட்சியாளர் பலர் கூறி அமைந்த காலம் அது. 1907இல் வெளியான சிம்சனின் அறிக்கையோ வீடுகளின் அமைப்பையே முதன்மையாகச் சுட்டியது. ஒளியும் காற்றும் புகாத தடுப்பறைகளே நோயின் உறைவிடம் என்றும், முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் வீட்டு வரிசைகளுக்கிடையே பின்சந்துகளை வெட்டித் திறக்க வேண்டும் என்றும் அது வலியுறுத்தியது.

பின்சந்து வெட்டுவதென்றால் இரு வரிசை வீடுகளின் பின்பகுதியையும் இடிக்க வேண்டும். இடிபடும் ஒவ்வோர் அடியும் வாடகை தரும் இடம். உரிமையாளர் இழப்பீடு கேட்டனர். நகரசபை செலவை எண்ணித் தயங்கியது. இடையே முதல் உலகப் போரும் வந்தது. நகர மேம்பாட்டிற்கென 'சிங்கப்பூர் இம்புரூவ்மெண்ட் டிரஸ்ட்' என்னும் அமைப்பு 1927ஆம் ஆண்டிலேதான் நிறுவப்பட்டது. அறிக்கை வெளிவந்து 20 ஆண்டுகள் அப்போது கழிந்திருந்தன. இன்று பழைய கடைவீட்டு வரிசைகளின் பின்னே காணப்படும் சந்துகள் பல, நோயை ஓட்டுவதற்காகத் திறக்கப்பட்டவை என்பதை அவற்றின் வழியே நடப்போரில் அறிந்தவர் சிலரே.

இதிலும் ஒரு முரண்பாடு உண்டு. காற்றுக்காக அறைகளை இடித்தபோது, அவ்வறைகளில் இருந்தோர்க்கு வேறு வீடு வேண்டியிருந்தது. அது கிடைக்காதவிடத்து, அவர்கள் அடுத்த தெருவின் தடுப்பறைகளில் சென்று நெருங்கினர். மக்கட்டொகையோ பெருகிக்கொண்டே போயிற்று. 1947இல் சுமார் 9 இலட்சத்து 40 ஆயிரமாக இருந்தது, 1957இல் 14 இலட்சத்து 46 ஆயிரமாயிற்று. அந்த டிரஸ்ட் தன் காலம் முழுவதிலும் கட்டியவை ஏறத்தாழ 23,000 வீடுகளே.

பால்ட்டிமோரும் சென்னையும்

1950களின் பிற்பகுதியில் உலகின் இரு மூலைகளில் நடந்த இரண்டு ஆய்வுகள் இவ்விடத்தில் கருதத்தக்கவை. அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் ரைலி என்பாரும் அவர்தம் குழுவினரும், காசநோயாளர் படுத்திருந்த அறைகளின் காற்றைக் குழாய் வழியே கொண்டுசென்று சீமைப்பெருச்சாளிகள் வாழும் கூண்டறைக்குள் விட்டனர். நோயாளரை ஒருபோதும் நெருங்காத அவ்விலங்குகளுக்கு நோய் தொற்றியது. அதே காற்றைப் புறஊதாக் கதிரால் தூய்மை செய்து விட்டபோது தொற்றவில்லை. நோயைச் சுமந்து சென்றது காற்றே என்பது ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்டது.

சென்னையில் 1956ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வு வேறொரு வினாவை எழுப்பியது. நோயாளர் சிலரைக் காற்றோட்டமும் நல்லுணவும் உள்ள மருத்துவ நிலையத்தில் வைத்தும், வேறு சிலரை அவர்தம் நெருக்கமான சிறு வீடுகளிலேயே வைத்தும் ஒரே மருந்துகளைக் கொடுத்தனர். வீட்டிலிருந்தோரும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தனர். அவர்களுடைய குடும்பத்தாருக்கு நோய் தொற்றுவதும் மிகுதிப்படவில்லை. 1959இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் மருத்துவ முறையையே மாற்றியது.

இரண்டும் முரண்படுவனவா? இல்லை. மருந்து உண்ணத் தொடங்கிய நோயாளர் பிறருக்கு நோயைப் பரப்புவது விரைவில் குறைகிறது. நோய் இன்னதென்று அறியப்படாமல், மருந்தின்றி இருமிக்கொண்டிருப்பவரே பிறர்க்கு இடர் விளைப்பவர். அவர் யாரென அறியும்வரை உடனிருப்போரைக் காப்பதில் அறையின் காற்றோட்டத்திற்குப் பெரும்பங்கு உண்டு. மருந்தும் காற்றும் ஒன்றற்கொன்று மாற்று அல்ல, துணை.

சுவர் திறந்தது; மீண்டும் மூடியது

1960 பிப்ரவரியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. முதல் ஐந்தாண்டுகளில் 54,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. அவை சிறியவை, அணிகலன் ஏதுமில்லாதவை. ஆயினும் ஒருபுறம் பொதுத் தாழ்வாரமும் மறுபுறம் சன்னலும் பெற்றுக் குறுக்கே காற்று ஓடும்படி அவற்றுள் பல அமைந்தன. சிம்சன் வேண்டிய காற்று, ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், வேறிடத்தில் வீடு கட்டப்பட்ட பிறகே கிடைக்கத் தொடங்கியது.

பின்னர்க் குளிரூட்டி வந்தது. வீடுகளில் பெரிதும் பயன்படும் குளிரூட்டி, அறைக்குள் உள்ள காற்றையே இழுத்துக் குளிரச்செய்து திரும்ப விடுகிறது, வெளிக்காற்றைக் கொணர்வதில்லை. குளிர்ந்த காற்றைத் தூய காற்று என மயங்குவது எளிது. 1996இல் சுற்றுப்புற அமைச்சு அலுவலகங்களுக்கென வெளியிட்ட நெறிமுறையில் கரியமில வாயுவிற்குக் குறித்த எல்லை, பத்து இலட்சத்தில் ஆயிரம் பங்கு. அதாவது பெட்டன்கோபர் 1858இல் கூறிய அதே ஆயிரத்தில் ஒரு பங்கு.

எக்காலத்திலும் சன்னலைத் திறப்பதே நன்று என்று கூறிவிடவும் இயலாது. 1997, 2013, 2015 ஆகிய ஆண்டுகளில் சூழ்ந்த புகைமூட்டத்தின்போது வெளிக்காற்றே நஞ்சாயிற்று. அத்தகைய நாட்களில் சன்னலை அடைத்து, நுண்துகளை நீக்கும் வடிகட்டியை இயக்குவதே தக்கது. மற்ற நாட்களில், பலர் கூடியிருக்கும் அறைக்கு எதிரெதிரே இரு திறப்புகள் வேண்டும். வகுப்பறைக்கும் இது பொருந்தும்.

விடுதிகளும் வரலாறும்

2020ஆம் ஆண்டில் கொவிட்-19 பரவியபோது, சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியர் தங்கியிருந்த விடுதிகள் பெரிதும் பாதிக்கப்பட்டன. அங்கிருந்தோர் ஏறத்தாழ 3 இலட்சத்து 23 ஆயிரம் பேர். தமிழகத்திலிருந்து வந்தவர்களும் அவர்களுள் பலர். அவ்வாண்டு டிசம்பரில் அரசு வெளியிட்ட கணக்கின்படி, விடுதிவாசிகளில் நூற்றுக்கு 47 பேருக்கு நோய்த்தொற்று ஏற்பட்டிருந்தது. அவர்களில் பெரும்பாலோர் இளைஞராதலால் உயிரிழந்தோர் மிகச் சிலரே. எனினும் ஓர் அறையில் பலரை வைத்தால் காற்று என்ன செய்யும் என்பது மீண்டும் கண்கூடாயிற்று.

2021 செப்டம்பரில் புதிய விடுதிகளுக்கான விதிகள் அறிவிக்கப்பட்டன. ஓர் அறையில் 12 பேருக்கு மேல் கூடாது, ஒருவருக்கு 4.2 சதுர மீட்டருக்குக் குறையாத இடம் வேண்டும். பழைய விடுதிகளும் படிப்படியாக மாறி 2040ஆம் ஆண்டிற்குள் இந்நிலையை எட்ட வேண்டும் என்று 2023இல் அறிவிக்கப்பட்டது. கட்டடங்களை மாற்றுவதும் இடத்தைப் பெருக்குவதும் செலவுடையன. அதற்குக் காலம் வேண்டும் என்பது உண்மையே.

ஆனால் கடைவீடுகளின் வரலாறு ஒன்றைத் தெளிவாக்குகிறது. அறிவியல் இன்னும் கண்டுபிடிக்காததால் மக்கள் கெட்ட காற்றைச் சுவாசித்த காலம் குறைவு; கண்டுபிடித்த பிறகும் இடத்தின் விலையை எண்ணிக் காத்திருந்த காலமே மிகுதி. அந்தக் காத்திருப்பின் இழப்பைச் சுமந்தவர் வீட்டின் உரிமையாளர் அல்லர். வாடகை குறைந்த நடு அறையில் உறங்கியவரே. வீடோ பள்ளியோ விடுதியோ, எதன் வரைபடத்தைப் பார்க்கும்போதும் முதலில் கேட்கத்தக்க வினா இதுதான்: நடு அறையில் இருப்பவருக்குக் காற்று எவ்வழியே வரும்?