வழி மறந்தவர்களும் வழி காட்டிய ஊர்களும்

வீட்டை விட்டு நடந்து போன முதியவருக்குத் திரும்பி வர வழி தெரியவில்லை. இதற்கு யார் பொறுப்பு? மனைவியா, மகனா, அல்லது ஊரா? ஜப்பானில் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது!

பெயர் மாறியது

டிமென்ஷியா என்னும் மறதி நோய்க்கு ஜப்பானியர் முன்பு சொன்ன பெயர் 'சிஹோ'. புத்தி கெட்ட நிலை என்பது போன்ற பொருள். வீட்டில் இப்படி ஒருவர் இருப்பதை வெளியே சொல்லவே குடும்பங்கள் கூசின. 2004 டிசம்பரில் அரசு அந்தச் சொல்லைக் கைவிட்டு 'நின்சிஷோ' என்ற சொல்லைக் கொண்டு வந்தது. அறிதிறன் குறைபாடு என்று இதைச் சொல்லலாம்.

ஊரே தேடியது

அதற்கு முன்பே ஹொக்கைடோவின் குஷிரோ நகரில் 1994-ல் ஓர் ஏற்பாடு தொடங்கியது. ஒருவர் காணாமல் போனால் போலீசோடு டாக்சி ஓட்டுநர்களும் உள்ளூர் வானொலியும் சேர்ந்து தேடுவார்கள்.

இதில் அதிகம் பேசப்பட்ட ஊர் ஓமுத்தா. மீக்கே நிலக்கரிச் சுரங்கத்தால் வாழ்ந்த ஊர் அது. 1997-ல் சுரங்கம் மூடப்பட்டது. ஊரில் முதியவர்களின் பங்கு ஏறிக்கொண்டே போனது. 2004-ல் அங்கே ஓர் ஒத்திகை தொடங்கினார்கள். வழி தவறிய முதியவர் போல ஒருவர் தெருவில் நடப்பார். தகவல் கிடைத்த மக்கள் அவரைத் தேடிக் கண்டுபிடித்துப் பேச வேண்டும்.

பார்ப்பதற்கு எளிது. ஆனால் முன்பின் தெரியாத பெரியவரை நிறுத்தி எப்படிப் பேசுவது? 2005-ல் தொடங்கிய நாடு தழுவிய பயிற்சியில் இதற்கு மூன்று விதிகள் சொல்லித் தருகிறார்கள்: திடுக்கிட வைக்காதே, அவசரப்படுத்தாதே, தன்மானத்தைப் புண்படுத்தாதே.

வழக்கு

2007 டிசம்பர் 7, ஐச்சி மாகாணம், ஓபு நகரம். நோயுற்ற கணவருக்கு வயது 91. மனைவிக்கு 85. மனைவி சில நிமிடம் கண்ணயர்ந்தபோது அவர் வெளியே போய்விட்டார். பக்கத்து ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் இறங்கி, ரயில் மோதி இறந்தார். முன்பும் வழி தவறியவர் என்பதால் உடையில் பெயரும் தொலைபேசி எண்ணும் தைத்து வைத்திருந்தார்கள்.

ரயில்கள் தாமதமானதால் சுமார் 72 லட்சம் யென் நஷ்டம் என்று ரயில் நிறுவனம் குடும்பத்தின் மீது வழக்குப் போட்டது. 2013-ல் மனைவியும் மூத்த மகனும் முழுத் தொகையைக் கட்ட வேண்டும் என்று நகோயா மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2014-ல் உயர் நீதிமன்றம் மகனை விடுவித்து, மனைவி பாதி கட்ட வேண்டும் என்றது. அப்படியானால் கதவைப் பூட்டி வைப்பதைத் தவிர வேறு வழி என்ன? பல குடும்பங்கள் பதறின.

2016 மார்ச் 1 அன்று உச்ச நீதிமன்றம் இருவருமே பொறுப்பில்லை என்றது. பின்னர் ஓபு போன்ற நகராட்சிகள் இத்தகைய விபத்துகளுக்குத் தாங்களே காப்பீடு எடுத்துத் தரத் தொடங்கின.

இன்று

மறதி நோயால் காணாமல் போனதாகப் போலீசுக்கு வந்த புகார்கள் 2012-ல் 9,607. 2023-ல் 19,039. பெரும்பாலோர் கிடைத்து விடுகிறார்கள். சில நூறு பேர் உயிரோடு கிடைப்பதில்லை.

ஓமுத்தா 2015-ல் தன் ஒத்திகையின் பெயரிலிருந்து 'ஹைகாய்' என்ற சொல்லை எடுத்து விட்டது. குறிக்கோள் இல்லாமல் அலைவது என்று அதற்குப் பொருள். வெளியே போகும் முதியவருக்கு ஒரு குறிக்கோள் இருக்கிறது. பழைய வீட்டுக்கோ வேலைக்கோ அவர் கிளம்பியிருக்கலாம். தெருவில் தடுமாறி நிற்கும் ஒரு பெரியவரைப் பார்த்தால், "எங்கே போகணும் ஐயா?" என்று கேட்பதுதான் முதல் உதவி.