பின்பாரம்

தொண்டைமான் இளந்திரையனின் காஞ்சிக்கு வழி சொல்லும் பெரும்பாணாற்றுப்படையில் உப்பு விற்கும் உமணரின் மாட்டு வண்டி வருகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் அந்த வண்டியைச் சுற்றிவந்து பார்த்தவர்போல எழுதுகிறார். காடிப் பானையைக் கயிற்றால் பிணித்திருக்கிறார்கள். யானையின் முழங்காலை ஒத்த சின்ன உரல் தொங்கிக்கொண்டே வருகிறது. கோழிக்குக் கூடு உண்டு. கைக்குழந்தையோடு ஒரு பெண் மாடுகளை ஓட்டுகிறாள். விற்கிற உப்பு வண்டிக்குள்ளே இருக்க, வாழ்வதற்கான சாமான் தொங்கலில் வருகிறது. அச்சு முறிந்தால் மாற்ற இன்னோர் அச்சை வண்டிக்கு அடியில் கட்டிக்கொண்டு போனதையும் ஔவையார் புறநானூற்றில் பதிந்து வைத்திருக்கிறார்.

சாமானை வண்டிக்கு வெளியே கட்டும் பழக்கத்துக்குத் தமிழ்நாட்டில் அவ்வளவு வயது.

கட்டுவது எளிது, எங்கே கட்டுவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இரண்டு சக்கர வண்டியில் சுமை அச்சுக்கு முன்னால் கூடினால் முன்பாரம். நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் கூடினால் பின்பாரம். ஏர்க்கால் மேலே எழும்பும், நுகத்தடியோடு பூட்டாங்கயிறும் ஏறி மாட்டின் தொண்டையை இறுக்கும். பின்பாரம் தட்டினால் வண்டிக்காரர் மூட்டைகளை முன்னே தள்ளுவார், அல்லது தானே ஏர்க்கால் பக்கம் நகர்ந்து உட்காருவார். எடைமேடை இல்லாத காலத்தில் மாட்டின் கழுத்தே தராசு.

சுமையைக் கணக்குப் பார்க்காத படைகளும் காஞ்சி வட்டாரத்தில் திண்டாடின. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கும்பினியைச் சேர்ந்த கர்னல் பெய்லியின் படையை ஹைதர் அலியும் திப்புவும் நொறுக்கினார்கள். சில மைல் தொலைவில் காஞ்சிபுரத்தில் இருந்த கும்பினித் தளபதி ஹெக்டர் மன்றோ, கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டுக்குப் பின்வாங்கினார். கும்பினிப் படைக்கு அந்தப் போரில் சோறும் போதவில்லை, சுமை இழுக்க மாடும் போதவில்லை. ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயர் தாங்கிய வாலாஜாபாத், அந்தக் காஞ்சிபுரம்–செங்கற்பட்டு வழியில்தான் பிறகு கும்பினியின் பாளையமானது.

மாடு போய் வேன் வந்தபோது சுமை கூரைக்கு ஏறியது. பஜாஜ் டெம்போவின் மேட்டடாரும், 1987-இல் வந்த டிராவலரும் தமிழ்நாட்டுக் குடும்பங்களின் யாத்திரை வாகனங்கள் ஆயின. கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்குக் கிளம்பும் வேனைப் பார்த்தாலே தெரியும்: பின்கதவு ஓரத்தில் இரும்பு ஏணி, மேலே கேரியர், அதில் அண்டா, அரிசி மூட்டை, அடுப்பு, எல்லாவற்றையும் போர்த்திய தார்ப்பாய், குறுக்கும் நெடுக்குமாக நைலான் கயிறு. சமவெளியில் ஒன்றும் தெரியாது. குமுளி மலைப்பாதையின் வளைவில், உச்சியில் ஏற்றிய எடை வண்டியை வெளிப்பக்கம் சாய்க்கப் பார்க்கும்.

அமெரிக்காவில் இதற்கு வேறு வழி பிடித்தார்கள். டிரெய்லர் இழுப்பதற்காக வண்டியின் சேஸிக்கு அடியில் பொருத்திய சதுர இரும்புக் குழாயிலேயே ஒரு தட்டைச் செருகி, குறுக்கே ஊசி போட்டுப் பூட்டிவிடுவார்கள். பெரிய வண்டிகளில் அந்தக் குழாயின் வாய் 2 அங்குலம். கூடாரம், ஐஸ் பெட்டி, ஜெனரேட்டர் எல்லாம் இடுப்பு உயரத்துக்கும் கீழே. ஏணி வேண்டாம், கூரையும் கனக்காது. நல்ல யோசனைதான்.

ஆனால் அங்கே பழைய பின்பாரம் திரும்ப வந்துவிடுகிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.4 மீட்டர் உள்ள ஒரு வேனில், பின் அச்சுக்கு 1.2 மீட்டர் தள்ளி 100 கிலோ வைத்தால் பின் சக்கரங்களில் ஏறும் எடை 150 கிலோ. கூடுதல் 50 கிலோ முன் சக்கரங்களிலிருந்து பிடுங்கப்பட்டது. ஸ்டியரிங் லேசாகிவிடும். முன் பிரேக்குக்குப் பிடிமானம் குறையும். இரவில் ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணுக்கு ஏறும். மாடாக இருந்தால் தொண்டை இறுகித் திணறியிருக்கும். வேன் எதையும் காட்டிக்கொள்ளாமல் ஓடும்.

பின்னால் வருபவருக்கும் ஆபத்து உண்டு. லாரிகளில் உடம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளில் மோதிப் பலர் செத்த பிறகு, அப்படி நீட்ட இருந்த அனுமதியை 2014-இல் மத்திய அரசு நீக்கியது. தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பட்டறையில் ஆங்கிள் வாங்கி வெல்டு வைத்த பின்தட்டு, நம்பர் பிளேட்டையும் பிரேக் லைட்டையும் மறைத்தால் கேட்கவே வேண்டாம்.

சட்டம் கடுமையாக இருப்பது சரியே. ஆனாலும் தேவை தீரவில்லை. சமையல்காரரும் பந்தல்காரரும் நாதஸ்வரக் கோஷ்டியும் ஆட்களோடு சாமானையும் ஒரே வேனில் கொண்டுபோயாக வேண்டும். இரண்டாவது வண்டிக்கு வாடகை கட்டுப்படியாகாது. தடுத்துவிட்டு வேறு வழி காட்டாமல் விட்டால் அண்டா மறுபடி கூரைக்கே போகும்.

வழி காட்டக்கூடியவர்கள் தூரத்தில் இல்லை. காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே, இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இலிருந்து கார் செய்கிறது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிசான் ஆலையும், 2012-இல் டெய்ம்லரின் லாரி ஆலையும் திறந்தன. அங்கிருந்து சாலை நேரே வாலாஜாபாத்துக்கு வருகிறது. வாலாஜாபாத் ரயில் நிலையத்தில் புதுக் கார்கள் சரக்கு ரயிலேறுகின்றன. இப்படிக் கார் ஏற்றும் பெட்டிகளில் ஒரு வகை, ஓய்வு பெற்ற பயணிகள் பெட்டி. இருக்கையைப் பெயர்த்து, சன்னலை அடைத்து, முனையில் கதவு வைத்து, காரை உள்ளே ஓட்டிப்போகும்படி மாற்றியது. கார் சுமையாகும்போது காட்டும் இந்த அக்கறையை, கார் சுமக்கும்போதும் காட்டலாம். பின்தட்டைப் பட்டறைக்கு விடாமல் ஆலையிலேயே வடிவமைத்து, சோதித்து, விளக்கையும் நம்பர் பிளேட்டையும் அதற்கு ஏற்ப நகர்த்தி, இத்தனை கிலோவுக்கு மேல் கூடாது என்று தட்டிலேயே பொறித்து, வண்டியோடு சேர்த்தே அரசின் ஒப்புதல் வாங்கி விற்கட்டும். அந்த எடை வரம்பு தமிழிலும் இருக்க வேண்டும்.