ஜி.டி. நாயுடுவும் இரண்டு சொற்களும்

ஹாக்கர் என்றால் கணிப்பொறித் திருடன் என்றே நம் பத்திரிகைகள் எழுதுகின்றன. 1950களின் இறுதியில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்களிடையே, இயந்திரத்தைத் திறந்து பார்க்காமல் இருக்க முடியாதவனின் பெயர் அது. 1968ல் மேற்கு ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் கூடியவர்களோ, பிழை மலிந்த நிரல்களுக்கு மாற்றாக 'மென்பொருள் பொறியியல்' என்ற சொல்லை முன்வைத்தார்கள்.

இந்தப் பிளவு எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. பல்லடத்துக்கு மேற்கே, சூலூரை அடுத்த கலங்கலில் 1893ல் பிறந்த ஜி.டி. நாயுடு பள்ளிப்படிப்பை முடிக்காதவர். ஓட்டலில் வேலை செய்து சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, அக்கக்காகக் கழற்றி மாட்டியே இயந்திரம் கற்றார். 1945ல் கோவையில் ஆர்தர் ஹோப் பொறியியற் கல்லூரி தோன்றக் காரணமாக இருந்தவரும் அவரே. நாலு வருஷப் படிப்பு வீண், இரண்டு போதும் என்றார். அரசு ஏற்கவில்லை, விலகினார்.

கழற்றுகிறவன் பக்கமே என் மனச்சாய்வு. யாப்பை உடைத்த கவிதையோடு வளர்ந்தவர்களுக்கு அது இயல்பு. ஆனால் வங்கியில் கணிப்பொறி நின்றுபோன ஒரு காலையில், பென்ஷனுக்கு வந்த கிழவியிடம் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அவளுக்கு வேண்டியது மேதைமையல்ல. நாளையும் ஓடும் இயந்திரம்.

நாயுடு இதையும் அறிந்திருக்க வேண்டும். 1920ல் பொள்ளாச்சி–பழனி தடத்தில் அவரே ஓட்டிய ஒற்றைப் பஸ், பின்னர் யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமாயிற்று. மோட்டார் சைக்கிளைக் கழற்றிய இளைஞர் தமக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். பஸ் விட்டவர் சாலையோரம் காத்து நிற்பவருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். வித்தியாசம் பட்டத்தில் இல்லை, இங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.