லீக் ஆனா வாசனை வருமா?

இந்த எபிசோடு ஒரு போன் காலில் ஆரம்பித்தது. என் சித்தி பையன் கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, தூத்துக்குடி பக்கம் ஒரு ஹைட்ரஜன் பிளான்ட்டில் வேலைக்குச் சேரப் போகிறான். சித்திக்கு சந்தோஷம்தான். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு எனக்குப் போன் பண்ணி ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "ஏண்டா, அந்த கேஸ் லீக் ஆனா நம்ம சிலிண்டர் மாதிரி வாசனை வருமா?"

வராது சித்தி.

அதை அப்படியே சொல்லாமல் ஏதோ மழுப்பிவிட்டு போனை வைத்தேன். அப்புறம் தூக்கம் வரவில்லை. ஏன் வராது, வராத கேஸோடு இத்தனை வருஷம் மனுஷங்க எப்படி வேலை பார்த்தாங்க என்று தேட ஆரம்பித்தேன். தேடல் போய் நின்ற வருஷம் 1937.

முதலில் ஒரு விஷயம். நம்ம சிலிண்டரைத் திறந்தால் வருகிற அந்த நாற்றம் கேஸோட சொந்த நாற்றம் இல்லை. மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தை வேண்டுமென்றே கலக்கிறார்கள். கலக்கும் பழக்கம் அங்கங்கே முன்னாடியே இருந்ததுதான். ஆனால் அதைச் சட்டமாக்க வைத்தது ஒரு பள்ளிக்கூடம். அமெரிக்காவில் கிழக்கு டெக்சாஸ், நியூ லண்டன் என்ற ஊர். எண்ணெய்க் கிணறுகளுக்கு நடுவில் இருந்த பணக்காரப் பள்ளி. செலவைக் குறைக்க, எண்ணெய் வயலில் மிஞ்சுகிற கேஸை ஒரு குழாயிலிருந்து இழுத்து ஹீட்டர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். அது கசிந்து கட்டடத்துக்கு அடியில் தேங்கியது. வாசனை இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. 1937 மார்ச் 18, மதியம் மூணு மணி தாண்டி, பட்டறை வகுப்பில் ஒரு மின்சார இழைப்புக் கருவியை ஆன் செய்தபோது தெறித்த பொறி போதுமானதாக இருந்தது. கிட்டத்தட்ட 300 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலும் குழந்தைகள். அதற்கப்புறம்தான் டெக்சாஸ் அரசு, கேஸில் நாற்றம் கலந்தே ஆகணும் என்று சட்டம் போட்டது.

சரியாக ஏழு வாரம் கழித்து, மே 6. நியூ ஜெர்சியின் லேக்ஹர்ஸ்டில் ஹிண்டன்பர்க் என்ற ஜெர்மன் ஆகாயக் கப்பல் எரிந்து விழுந்தது. அந்த வீடியோவை நீங்க எல்லாரும் பார்த்திருப்பீங்க. கப்பலில் இருந்த 97 பேரில் 35 பேர் இறந்தார்கள். கீழே கயிற்றைப் பிடித்துக் கட்ட நின்ற பணியாளர் ஒருவரும் இறந்தார். அந்த 36வது ஆளைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அவர் பயணி கிடையாது, வேலைக்கு வந்தவர். தீ எப்படிப் பற்றியது என்று இன்னும் வாதம் நடக்கிறது. கசிந்த ஹைட்ரஜனில் நிலைமின்சாரப் பொறி விழுந்திருக்கலாம் என்பது பலரும் ஏற்றுக்கொண்ட விளக்கம். "ஹைட்ரஜனா? ஐயோ வேண்டாம்" என்று உலகம் முடிவு செய்தது அன்றைக்குத்தான் என்று எல்லா யூடியூப் வீடியோவும் சொல்லும்.

ஆனால் பாருங்க, அதே வருஷம் அக்டோபரில், ஒஹாயோ மாநிலம் டேட்டனில் ஒரு மின் நிலையம், ஹைட்ரஜனால் குளிரூட்டப்படும் ஜெனரேட்டரை ஓடவிட்டது. ஒரு பக்கம் கப்பல் எரிந்த சாம்பல், இன்னொரு பக்கம் அதே வாயுவைச் சுழலும் இயந்திரத்துக்குள் அடைக்கிறார்கள்! காரணம் சுலபம். ஹைட்ரஜன் காற்றைவிட 14 மடங்கு லேசானது. அதற்குள் சுழலும் இயந்திரத்துக்கு உராய்வு குறைவு. வெப்பத்தையும் காற்றைவிட ஏழு மடங்கு நன்றாகக் கடத்தும். இன்றைக்கு நம்ம ஊர் பெரிய அனல் மின் நிலையங்களிலும் இதே முறைதான். நீங்க இந்த எபிசோடைக் கேட்கிற போனுக்கு சார்ஜ் ஏற்றிய கரண்ட்கூட அப்படி ஒரு ஜெனரேட்டரிலிருந்து வந்திருக்கலாம்.

எப்படித் துணிந்தார்கள்? இதில்தான் எனக்குப் பிடித்த ஒரு தந்திரம் இருக்கிறது. காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதத்திலிருந்து 75 சதவீதம் வரை இருந்தால் பற்றும். ரொம்ப அகலமான எல்லை. பற்றவைக்கத் தேவையான பொறியோ பெட்ரோல் ஆவிக்குத் தேவையானதில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் 75க்கு மேலே போய்விட்டால் எரிய ஆக்சிஜன் போதாது. அதனால் ஜெனரேட்டருக்குள் ஹைட்ரஜனை 90 சதவீதத்துக்கு மேலேயே வைத்திருப்பார்கள். ஆபத்து உள்ளே நிரம்பியிருக்கும்போது இல்லை, நிரப்பும்போதும் காலி செய்யும்போதும்தான். அதனால் காற்றும் ஹைட்ரஜனும் ஒன்றை ஒன்று பார்க்கவே விடமாட்டார்கள். முதலில் கார்பன் டை ஆக்சைடு விட்டுக் காற்றை வெளியேற்றணும். அப்புறம் ஹைட்ரஜன் விட்டு கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றணும். வெளியே எடுக்கும்போது அதே வரிசை தலைகீழாக. பேச்சுவார்த்தை இல்லாத ரெண்டு சொந்தக்காரங்களை ஒரே கல்யாணத்துக்குக் கூப்பிட்டா நடுவுல ஒருத்தரை உட்கார வைப்போம் இல்லையா, அந்த மாதிரி.

அப்ப ஹைட்ரஜனிலும் நாற்றத்தைக் கலந்துவிட வேண்டியதுதானே? சித்தியும் மறுநாள் இதைத்தான் கேட்டாங்க. ரெண்டு சிக்கல். ஹைட்ரஜன் மூலக்கூறு அவ்வளவு சின்னது, அவ்வளவு லேசு. கசிந்ததும் மேலே ஓடிவிடும், கனமான நாற்ற மூலக்கூறு அதோடு சேர்ந்து ஓடாது. அடுத்தது, அந்தக் கந்தகம் ஃப்யூயல் செல்லைக் கெடுத்துவிடும். நம்ம சமையல் கேஸ் தரையோடு தேங்கும், ஹைட்ரஜன் கூரைக்குக் கீழே தேங்கும். சிலிண்டர் பற்றி அம்மாக்களிடம் கற்றுக்கொண்ட எதுவும் இங்கே உதவாது.

தீயாவது கண்ணுக்குத் தெரியுமா என்றால், அதுவும் இல்லை. தூய ஹைட்ரஜன் சுடர் வெளிர் நீலம், பகலில் பார்க்கவே முடியாது. விறகு நெருப்புப் பக்கத்தில் போனால் அனல் முகத்தில் அடிக்குமே, அதுகூட இதில் குறைவு. நேராகத் தீக்குள் நடந்து போய்விடலாம். நாசா ஆட்கள் இதற்குக் கண்டுபிடித்த கருவி என்ன தெரியுமா? துடைப்பம். சும்மா சொல்லலீங்க, அவங்க பாதுகாப்பு நூலிலேயே இருக்கிறது. துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டே நடக்கணும். அது பற்றிக்கொண்டால் தீ அங்கே இருக்கிறது என்று அர்த்தம். நிலாவுக்கு ஆள் அனுப்பிய ஊரில்!

இது சிரிக்கிற விஷயம் இல்லை என்பது 1984 ஜூன் 26 அன்று புரிந்தது. டிஸ்கவரி விண்கலத்தின் முதல் பயணம். உள்ளே ஆறு பேர். அதில் ஜூடித் ரெஸ்னிக், விண்வெளிக்குப் போகப்போகும் இரண்டாவது அமெரிக்கப் பெண். கிளம்ப நாலு செகண்ட் இருக்கும்போது, எரிய ஆரம்பித்த என்ஜின்களை கம்ப்யூட்டர் நிறுத்தியது. அமைதி. சில நிமிஷம் கழித்து ஏவுதளத்தில் தீ இருப்பதாக சென்சார்கள் சொல்கின்றன. என்ஜின்களைச் சுற்றி மிஞ்சிய ஹைட்ரஜன் எரிகிறது. ஜன்னல் வழியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கதவைத் திறந்து தப்பியோடத் தனி வழி இருந்தது. ஓடலாமா, உட்காரலாமா? உட்கார்ந்திருந்தார்கள். மேலிருந்து தண்ணீரைக் கொட்டித் தீயை அணைத்த பிறகு, நனைந்துகொண்டே வெளியே வந்தார்கள். ஓடியிருந்தால் கண்ணுக்குத் தெரியாத தீக்குள் ஓடியிருக்கலாம். அந்த நிமிஷங்களை நினைச்சா எனக்கு இப்பவும் வயித்தைப் பிசையுது.

விண்வெளி வீரர்களைச் சுற்றி நூறு சென்சார் இருந்தது. எல்லாருக்கும் அப்படி இருக்காது. 2007 ஜனவரி 8, மறுபடியும் ஒஹாயோ. மஸ்கிங்கம் ரிவர் மின் நிலையம். ஜெனரேட்டருக்கான ஹைட்ரஜனை லாரியிலிருந்து தொட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். அழுத்தம் அளவு மீறினால் உடைந்து வழிவிட வேண்டிய ஒரு பாதுகாப்புத் தகடு, உடைய வேண்டிய அழுத்தம் வருவதற்கு முன்பே உடைந்தது. வாயு வெளியே கொட்டிப் பற்றியது. கேஸ் கொண்டுவந்த லாரி டிரைவர் இறந்தார், பத்துப் பேருக்குக் காயம். ஜெனரேட்டருக்குள் வாயுவைப் பத்திரமாக வைத்துக்கொள்ள 70 வருஷம் கற்றவர்கள். வாசலில் வைத்து இறக்கும்போது நடந்தது. டிரைவர் அந்த நிலையத்து ஊழியர்கூட இல்லை.

நார்வேயில் ஆஸ்லோ பக்கத்து சாண்ட்விகாவில் 2019 ஜூன் 10 அன்று ஒரு ஹைட்ரஜன் பங்க் வெடித்தது. காரணம், தொட்டியின் அடைப்பில் போல்ட்டுகள் சரியாக இறுக்கப்படவில்லை. அவ்வளவுதான். வெடிப்பு அலையில் பக்கத்துச் சாலையில் போன காரின் ஏர்பேக் திறந்து ரெண்டு பேருக்கு லேசான காயம்.

போல்ட் என்றதும் கடைசிக் கதைக்கு வருகிறேன். 2022இல் நாசாவின் ஆர்ட்டெமிஸ் 1 ராக்கெட் ஹைட்ரஜன் கசிவாலேயே தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. திரவ ஹைட்ரஜனின் வெப்பநிலை மைனஸ் 253 டிகிரி. அந்தக் குளிரில் உலோகம் சுருங்கும், சீல் இறுகும், சாதாரண வெப்பத்தில் சோதித்தால் தெரியாத இடுக்கு அப்போது திறக்கும். 1990லும் கொலம்பியா, அட்லாண்டிஸ் என்று ரெண்டு விண்கலங்களை இதே கசிவு மாசக்கணக்கில் கிடப்பில் போட்டது. கசிவைத் தேடியவர்கள் நொந்துபோனார்கள்.

நவம்பர் 15 ராத்திரி. ராக்கெட்டில் ஏறத்தாழ 20 லட்சம் லிட்டர் திரவ ஹைட்ரஜன் நிரம்பிக்கொண்டிருக்கும்போது, ஏவுமேடையின் அடிப்பகுதியில் ஒரு வால்வில் கசிவு. கம்ப்யூட்டரால் இறுக்க முடியாத நட்டு. 'ரெட் க்ரூ' என்று ஒரு குழு உண்டு. எல்லாரும் விலகி நிற்க வேண்டிய இடத்துக்கு உள்ளே போகிறவர்கள். மூணு பேர் போனார்கள். 98 மீட்டர் உயர ராக்கெட் தலைக்கு மேலே. திரும்பி வந்ததும் அவர்களில் ஒருவர் நாசா டிவியிலேயே சொன்னார்: ராக்கெட் உயிரோடு இருக்கிற மாதிரி இருந்தது, கிரீச்சிட்டது, புஸ் புஸ்ஸென்று மூச்சுவிட்டது, பயமாகத்தான் இருந்தது என்று. நட்டுகளை இறுக்கினார்கள். கசிவு நின்றது. அதிகாலை 1:47க்கு ராக்கெட் கிளம்பியது.

சென்சார் வந்தாச்சு, புற ஊதாக் கதிரைப் பார்க்கும் கேமரா வந்தாச்சு, ஹைட்ரஜன் பட்டால் நிறம் மாறும் டேப்பைக் குழாய் இணைப்பில் சுற்றுகிறார்கள். துடைப்பத்துக்கு வேலை குறைந்துவிட்டது. ஆனாலும் ஸ்பேனரோடு ஒருத்தர் உள்ளே போகவேண்டிய ராத்திரி வருகிறது.

போன வாரம் தம்பி ட்ரெய்னிங்கிலிருந்து ஒரு போட்டோ அனுப்பினான். சட்டைக் காலர் பக்கத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு டிடெக்டர். நாற்றத்துக்குப் பதிலாக இது கத்தும் என்று சித்தியிடம் சொன்னேன். பெரிய நிம்மதி வரும் என்று நினைத்தேன். ரெண்டு செகண்ட் யோசிச்சுட்டு கேட்டாங்க:

"அதுல பேட்டரி தீந்துபோச்சுன்னா எப்படிடா தெரியும்?"

நல்ல கேள்வி சித்தி. முதல் நாளே இதை சூப்பர்வைசர்கிட்ட கேளுடா என்று தம்பிக்கு மெசேஜ் போட்டிருக்கேன்.