எந்த பிளேட்டோ வாங்குவது?

தில்லிக்கு மாற்றலாகி வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஞாயிறு காலை என்றால் மகிளா ஹாட் பழைய புத்தகச் சந்தைதான். போன வாரம் பிளேட்டோவின் 'ரிபப்ளிக்' தேடியபோது இரண்டு ஆங்கில மொழிபெயர்ப்புகள் சிக்கின. ஒன்று பெஞ்சமின் ஜோவெட்டுடையது, 1871. காப்புரிமை முடிந்துபோனதால் மலிவுப் பதிப்பு, ஐம்பது ரூபாய். இன்னொன்று 1974-ல் க்ரூப் செய்து 1992-ல் ரீவ் திருத்தியது. முந்நூற்றைம்பது. பி.காம். மூளை ஐம்பதை எடு என்றது.

கிரேக்கம் தெரியாதவன் எப்படித் தேர்ந்தெடுப்பது? ஒரே பகுதியை இரண்டிலும் படித்தேன். ஆரம்பத்திலேயே கெஃபலோஸ் என்ற பணக்காரக் கிழவர் வருகிறார். உண்மை பேசுவதும் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதும்தான் நியாயமா என்று பேச்சு போகிறது. அட, நம்ம பேங்க் சமாச்சாரம்! சாக்ரடீஸ் மடக்குகிறார்: ஆயுதத்தைக் கொடுத்து வைத்த நண்பன் புத்தி பேதலித்து வந்து கேட்டால் கொடுக்கலாமா? இருபது வருஷம் லாக்கர் சாவி பிடித்த எனக்குப் பதில் வரவில்லை.

இதுவரை இரண்டும் தேவலை. வித்தியாசம் ஒரு வார்த்தையில். கிரேக்க 'பொலிஸ்' என்பதை ஜோவெட் 'ஸ்டேட்' என்கிறார், க்ரூப் 'சிட்டி' என்கிறார். பொலிஸ் என்றால் ஒரு நகரமும் அதைச் சுற்றிய நிலமும். ஸ்டேட் என்றதும் எனக்குத் தெரிவது செக்ரட்டேரியட்.

ஜோவெட் யார்? ஐ.சி.எஸ். தேர்வை வடிவமைத்த 1854 மெக்காலே குழுவின் உறுப்பினர். கிரேக்கத்துக்கு 750 மார்க், சமஸ்கிருதத்துக்கு 375 என்று பரிந்துரைத்த குழு அது. ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த பிலிப் மேசன், தன் இனத்தாரைப் பற்றி 1954-ல் புனைபெயரில் எழுதிய புத்தகத்துக்கு வைத்த பெயர் 'தி கார்டியன்ஸ்'. பிளேட்டோவின் காவலர்களேதான்!

காவலர்கள் ஆளவேண்டும் என்றது பிளேட்டோ, ஜோவெட் சேர்த்ததல்ல. ஆனால் ஓர் ஊருக்குச் சொன்னதை ஒரு சாம்ராஜ்யத்துக்கும் சொன்னதுபோல் காட்டிவிடுகிறது அந்த ஒரு வார்த்தை. கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, எதிரே நிற்பவரைவிட எனக்குத்தான் எல்லாம் தெரியும் என்று நானும் நினைத்ததுண்டு. அந்த நினைப்புக்குத் தீனி போடாத புத்தகம் போதும்.

முந்நூற்றைம்பது கொடுத்தேன்.

பி.கு: நீங்கள் வாங்கினால் ஓரத்தில் 331 மாதிரி எண்கள் உண்டா என்று பாருங்கள். 1578-ல் ஸ்டெஃபானஸ் அச்சிட்ட பதிப்பின் பக்க எண்கள் அவை. இருந்தால் எந்த மொழிபெயர்ப்போடும் ஒப்பிடலாம்.