குனூ ரேடியோ புறக்கூறு இறக்குமதி வழு

குனூ ரேடியோ புறக்கூறு இறக்குமதி வழு என்பது, குனூ ரேடியோ மென்பொருளுக்காகப் பயனர் தாமே தொகுத்து நிறுவிய நிரற்கூறு ஒன்றைப் பைத்தான் ஏற்ற இயலாதபோது தோன்றும் வழு ஆகும். தொகுத்தலும் நிறுவலும் தடையின்றி முடிந்த பின்னரும் இது தோன்றக்கூடும். கோப்பைக் கண்டறிதல், பகிர்வு நூலகத்தை ஏற்றுதல், குறியீடுகளை இணைத்தல் ஆகிய மூன்று படிகளுள் எது தடைப்பட்டது என அறிவதே வழுநீக்கத்தின் முதற்பணியாகும்.

பின்னணி

வானொலிப் பெட்டியில் மின்சுற்றுகள் செய்யும் வடிகட்டல், பண்பிறக்கம் முதலிய பணிகளை மென்பொருள் வானொலியில் கணினி நிரல்கள் செய்கின்றன. இதற்கான கட்டற்ற மென்பொருளான குனூ ரேடியோவை, ஜான் கில்மோரின் நிதியுதவியுடன் எரிக் பிளாசம் 2001 இல் தொடங்கினார். இதன் ஒவ்வொரு பணியும் ஒரு தொகுதி எனப்படும். வேகம் தேவைப்படும் தொகுதிகள் சி++ மொழியில் எழுதப்படுகின்றன. அவற்றைக் கோக்கும் பாய்வு வரைபடம் பெரும்பாலும் பைத்தான் மொழியில் அமைகிறது.

முதன்மை மூலநிரலைத் தொடாமல் வெளியே தனித்து எழுதப்படும் தொகுதிகளின் திரட்டே புறக்கூறு ஆகும். சிறு செயற்கைக்கோள்களின் குறிகைகளைப் படிக்க உதவும் ஜிஆர்-சாட்டிலைட்ஸ் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. புதிய புறக்கூறுக்கான கோப்புகளை ஜிஆர்_மாட்டூல் என்னும் கருவி உருவாக்கித் தருகிறது. தொகுத்தலைச் சிமேக் நெறிப்படுத்துகிறது.

தாழ் புவிச் சுற்றுப்பாதையில் செல்லும் செயற்கைக்கோள் ஓரிடத்தின் வானில் ஒரு முறைக்கு ஏறத்தாழ 10 நிமிடங்களே தென்படும். அந்நேரத்தில் இவ்வழு தோன்றினால் குறிகையைப் பெறும் வாய்ப்பு கைநழுவும். ஆகவே புறக்கூறு ஏறுகிறதா என முன்னரே சோதித்துக்கொள்வது நன்று.

ஏற்றம் நிகழும் முறை

பைத்தான் முதலில் தன் தேடற்பாதையில் உள்ள அடைவுகளில் புறக்கூறின் பெயரைத் தேடுகிறது. கண்டதும் அதன் தொடக்கக் கோப்பை இயக்குகிறது. அக்கோப்பு, சி++ நிரலைப் பைத்தானுடன் இணைக்கும் பாலக்கோப்பை அழைக்கிறது. பாலக்கோப்புக்குத் தேவையான பகிர்வு நூலகத்தை இயங்குதளத்தின் இணைப்பி தேடி ஏற்றி, குறியீடுகளைப் பொருத்துகிறது.

காரணங்கள்

கோப்பு காணப்படாமை: "நோ மாட்யூல் நேம்ட்" என்ற செய்தி முதற்படி தடைப்பட்டதைக் காட்டுகிறது. சிமேக், வேறு இடம் குறிப்பிடாவிடில், யூஎஸ்ஆர் அடைவினுள் உள்ள லோக்கல் அடைவில் நிறுவும். அவ்விடம் பைத்தானின் தேடற்பாதையில் இல்லையெனில் கூறு கிட்டாது. டெபியன், உபுண்டு ஆகியவை டிஸ்ட்-பேக்கேஜஸ் என்ற அடைவையும், வேறு பல வழங்கல்கள் சைட்-பேக்கேஜஸ் என்ற அடைவையும் பயன்படுத்துவதாலும் குழப்பம் நேர்கிறது. சரியான அடைவைப் பைத்தான்பாத் என்ற சூழல் மாறியில் சேர்ப்பது தீர்வாகும்.

நூலகம் ஏறாமை: "கேன்னாட் ஓப்பன் ஷேர்ட் ஆப்ஜெக்ட் ஃபைல்" என்ற செய்தி இரண்டாம் படிக்குரியது. நூலகம் வட்டில் இருந்தும் இணைப்பியின் பட்டியலில் பதிவாகாமல் இருக்கலாம். லினக்சில் எல்டிகான்ஃபிக் கட்டளையை நிருவாகி உரிமையுடன் இயக்கினால் அப்பட்டியல் புதுப்பிக்கப்படும். எந்த நூலகம் கிட்டவில்லை என்பதை எல்டிடி கட்டளை காட்டும்.

குறியீடு வரையறுக்கப்படாமை: "அன்டிஃபைன்ட் சிம்பல்" என்ற செய்தி மூன்றாம் படிக்குரியது. புதிய சி++ கோப்பைச் சிமேக் பட்டியலில் சேர்க்க மறத்தல், அறிவித்த சார்பை எழுதாமல் விடுதல், தேவையான வெளி நூலகத்தை இணைக்காமை ஆகியன பொதுவான காரணங்கள். லினக்சில் பகிர்வு நூலகத்தை உருவாக்கும்போது வரையறை இல்லாத குறியீடுகள் இயல்பாக அனுமதிக்கப்படுவதால், இக்குறை தொகுக்கும்போது வெளிப்படுவதில்லை. செய்தியில் வரும் சிதைந்த பெயரைச் சி++ஃபில்ட் கருவி படிக்கத்தக்கதாக மாற்றித் தரும்.

பெயர் மோதல்: பயனரின் சோதனை நிரலுக்கும் புறக்கூறுக்கும் ஒரே பெயர் இருந்தால், பைத்தான் சோதனை நிரலையே ஏற்றிவிடும்.

மறைக்கப்படும் வழு

பைத்தானில் மட்டும் எழுதப்பட்ட புறக்கூறுகளுக்குப் பாலக்கோப்பு இராது. அவற்றிற்காக, 3.7 பதிப்புக் காலத்தில் ஜிஆர்_மாட்டூல் உருவாக்கிய தொடக்கக் கோப்பு, பாலக்கோப்பை ஏற்றுகையில் எழும் இறக்குமதி வழுவைப் பொருட்படுத்தாமல் கடந்துசென்றது. இதனால் கூறு ஏறியது போலவே தோன்றும்; தொகுதியை அழைக்கும்போதுதான் "அத்தகைய பண்பு இல்லை" என்ற வேறொரு செய்தி வரும். இந்நிலையில் பாலக்கோப்பை அதன் பெயரிட்டு நேரடியாக இறக்குமதி செய்தால் உண்மையான வழு வெளிப்படும்.

பதிப்பு வேறுபாடுகள்

3.7 வரிசை பைத்தான் 2 உடன் இயங்கியது. 2019 ஆகத்தில் வெளியான 3.8 பைத்தான் 3 ஐயும் ஏற்றது. 2021 சனவரியில் வெளியான 3.9, பாலக்கோப்புகளை உருவாக்கச் சுவிக் கருவிக்கு மாற்றாகப் பைபைண்ட்11 நூலகத்தைக் கொண்டுவந்தது. 2022 சனவரியில் வெளியான 3.10 முதல், ஜிஆர்_மாட்டூல் உருவாக்கும் கூறுகள் குனூரேடியோ என்ற பெயர்வெளியின் உள்ளே நிறுவப்படுகின்றன. ஆகவே பழைய இறக்குமதி வரிகளைத் திருத்த வேண்டும். மேலும், பைத்தான் 3.10 க்குத் தொகுத்த பாலக்கோப்பைப் பைத்தான் 3.11 ஏற்காது.

வழுநீக்க ஒழுங்கு

செய்தியை முழுமையாகப் படித்து, தடைப்பட்ட படியை முதலில் கண்டறிதல் வேண்டும். அடுத்து, குனூ ரேடியோவும் புறக்கூறும் ஒரே பைத்தானையும் ஒரே நிறுவல் இடத்தையும் பயன்படுத்துகின்றனவா எனச் சரிபார்க்க வேண்டும். பழைய நிறுவலை நீக்கி, வெற்று அடைவில் மீண்டும் தொகுப்பது இதன் பின்னரே பயன்தரும். காரணம் அறியாமல் மீள நிறுவினால், பழைய நூலகமும் புதிய நூலகமும் வெவ்வேறு இடங்களில் தங்கி, ஒரு வழு இரண்டாகிவிடும்.