தாயகம் திரும்பும் உரிமையும் மரக்காணத்து உப்பும்

கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் ஊர் திரும்பி மனைவி மக்களோடு சேர்ந்த கதைகளை வாழ்க்கை வரலாறுகள் தனிமனித ஏக்கமாகவே சொல்லி வந்துள்ளன. அந்தத் திரும்புதல் ஒரு நிதி ஏற்பாடாகவும் வளர்ந்தது. அதன் செலவைச் சுமந்தவர்களில் மரக்காணம் போன்ற உப்பளக் கரைகளின் மக்களும் உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மன்றோவின் காத்திருப்பு

1796இல் கம்பெனி தன் ராணுவ அதிகாரிகளுக்குச் சம்பளத்தோடு ஐரோப்பா சென்றுவரும் நீண்ட விடுப்பை அனுமதித்தது. ஆயினும் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லும் பாய்மரக் கப்பலில் ஒருவழிப் பயணமே ஐந்தாறு மாதம் பிடித்தது. கம்பெனி ராணுவத்தில் சேர 1780இல் சென்னை வந்திறங்கிய தாமஸ் மன்றோ 1807இல்தான் விடுப்பில் புறப்பட்டார். 1814இல் ஜேன் கேம்ப்பெலை மணந்து, அவ்வாண்டே மனைவியோடு சென்னை திரும்பினார். 1820இல் சென்னை ஆளுநரானார்.

1823இலேயே தம்மைப் பதவியிலிருந்து விடுவிக்கக் கேட்டார். அடுத்த ஆண்டு மூண்ட பர்மியப் போர் அவரை நிறுத்திவைத்தது. 1826இல் இளைய மகன் நோயுற, ஜேன் குழந்தையோடு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அதன்பின் மனைவிக்கு மன்றோ எழுதிய கடிதங்கள், குழந்தையின் குரல் கேட்காத கிண்டி மாளிகையின் வெறுமையைச் சொல்கின்றன. லஷிங்டன் அடுத்த ஆளுநராக நியமிக்கப்பட்டபின், விடைபெறும் முகமாகக் கடப்பை, பெல்லாரிப் பகுதிகளுக்குச் சென்ற மன்றோ, 1827 ஜூலை 6 அன்று பத்திகொண்டாவில் காலராவால் இறந்தார். ஆளுநருக்கே ஊர் திரும்புவது உறுதியற்றதாக இருந்த காலம் அது.

உப்பின் பங்கு

மன்றோ விடுப்பில் செல்வதற்கு இரண்டாண்டு முன்பு, 1805இல், சென்னை மாகாணத்தில் உப்பு அரசின் ஏகபோகமானது. கடலை ஒட்டிய உவர்நிலத்தில் பாத்தி கட்டி, உவர்நீரைப் பாய்ச்சி, வெயிலில் காய்ச்சி, நீண்ட கைப்பிடி போட்ட பலகையால் உப்பை வாரிக் குவிப்பது இக்கரையின் தொன்மையான தொழில். வாரிய உப்பைத் தன் விருப்பப்படி விற்கும் உரிமையை விளைவித்தவர் இழந்தார். குடிவாரம் எனப்பட்ட, அரசு வகுத்த தொகை மட்டுமே அவருக்குக் கிடைத்தது. விற்பனை விலைக்கும் அதற்கும் இடையிலான பெரும்பகுதி கஜானாவுக்குப் போனது.

1876–78 பஞ்சத்தின்போது நிவாரணக் கூலிகளைக் கொண்டு வெட்டப்பட்ட பகுதியோடு சேர்ந்து, ஆளுநர் பக்கிங்ஹாம் பெயர் பெற்ற கால்வாய், சென்னையை மரக்காணத்தோடு நீர்வழியில் இணைத்தது. உப்பும் விறகும் படகேறின. பஞ்சத்தின் தழும்பு ஆறாத 1888இல் உப்பு வரி மணங்குக்கு இரண்டரை ரூபாயாக உயர்ந்தது. ஏறத்தாழ 37 கிலோ கொண்ட அந்த மணங்குக்குப் பண்ணையாருக்கும் பண்ணையாளுக்கும் ஒரே வரிதான்.

விடுப்பு விதியானபோது

1842இல் தொடங்கிய சூயஸ் நீராவிக் கப்பல் சேவையும் 1869இல் திறந்த சூயஸ் கால்வாயும் பயணத்தை வாரக் கணக்குக்குக் குறைத்தன. நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியக் குடிமைப் பணி (ஐ.சி.எஸ்.) அதிகாரி விடுப்பு உட்பட 25 ஆண்டு பணிக்காலம் முடித்தால், ஆண்டுக்கு 1,000 பவுண்டு ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பலாம். இந்த ஓய்வூதியங்களும் விடுப்புச் சம்பளங்களும் ‘ஹோம் சார்ஜஸ்’ என்ற தலைப்பில் இந்திய வருவாயிலிருந்தே லண்டனில் வழங்கப்பட்டன. தாதாபாய் நௌரோஜி செல்வச் சுரண்டல் என்று கணக்கிட்டுக் காட்டியவற்றுள் இதுவும் ஒன்று.

உப்பு வரி மட்டுமே இச்செலவை ஈடுகட்டியது என்று கூறுவது மிகையாகும். நிலவரியே பெரிய வருவாய். ஆனால் நிலமில்லாத ஏழையையும் விடாமல் தொட்ட வரி உப்பு வரி. ஓர் அதிகாரியின் பிரிவுத் துயர் கடிதமாகவும், பின்னர் விதியாகவும், முடிவில் ஓய்வூதியமாகவும் அங்கீகாரம் பெற்றது. மழை இறங்கினால் வேலை நின்றுபோகும் உப்பளத் தொழிலாளிக்கோ, விடுதலைக்குப் பின்னும் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணத்தைத் தமிழக அரசு அறிவித்தது. மன்றோவின் கடிதக் கட்டையும் உப்புத் துறையின் வரவுக் கணக்கையும் ஒரே மேசையில் வைத்துப் படித்தால்தான் காலனிய ஆட்சியின் குடும்ப வரலாறு முழுமை பெறும்.